ஒரு பசு, ஒரு சைக்கிள்

1976 பெப்ரவரி 9, திங்கள்

காலை 6.15. வீட்டில் இருவர். இருவரும் உள்ளே. எல்லாம் ஒழுங்கு.
6.40. ஒருவர் வெளியே. பாமா, ஆஸ்பத்திரி வேலைக்கு. மீதி ஒருவர்.
6.45. மீதி ஒருவர் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டும்போது விரலையும் வெட்டிக்கொண்டார். காயம் சிறிது.

பத்தொன்பது வருடம் ஊரில் மறியற்சாலையில் உதவி ஜெயிலராக இருந்தவனுக்கு நாட்குறிப்பு இப்படித்தான் வரும். நேற்று பாமா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, இது டயறியோ, ஆள் எண்ணுற கொப்பியோ?"

அவள் மெல்பேணுக்கு நேர்ஸாக வந்தவள். நான் நேர்ஸின் புருஷனாக வந்தவன். புரன்ஸ்விக்கில் ஒரு கடதாசிப் பெட்டித் தொழிற்சாலையின் ஸ்ரோரில் பெட்டி எண்ணுகிறேன். பெட்டிகள் தப்பி ஓடுவதில்லை. எண்ணுவதில் ருசியே இல்லை.

பெப்ரவரி 14, சனி

நூல்நிலைய அறிவித்தல் பலகையில் ஒரு துண்டு கண்டேன்: "பழைய சிறைப் பதிவேடுகளை வாசித்து விளக்கக்கூடிய ஒருவர் தேவை." மெல்பேண் முழுவதிலும் எனக்காக மட்டும் எழுதியது போல இருந்தது. இன்று கோபர்க்குக்கு ட்ராம் ஏறிப் போனேன்.

மிஸ் கின்செல்லா. எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர், கல்யாணம் கட்டாதவர். அயர்லாந்தில் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிப் பிடிபட்டு, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட அரசியல் கைதிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். பதினொரு வருடமாக எழுதுகிறார். அவருடைய முப்பாட்டன் மைல்ஸ் கின்செல்லாவும் 1800இல் அப்படி வந்த கிளர்ச்சிக்காரர்தானாம். முதல் அத்தியாயமே அவர்தான்.

விளங்காமல் வைத்திருந்த பழைய சிறைப் பக்கம் ஒன்றைக் காட்டினார். பார்த்ததும் சொன்னேன்: "இது தண்டனைச் சாப்பாடு, வெறும் பாணும் தண்ணீரும், நாலு நாள். இந்தக் கோடு, வைத்தியர் வந்து பார்த்தது. இந்த ஆள் சுகமில்லை என்று நடித்திருக்கிறான்."

"நடித்தது எப்படித் தெரியும்?"

"நாலாம் நாள் தண்டனை முடிகிறது. அன்றைக்கே சுகமும் வந்துவிட்டதே."

சின்னப் பிள்ளை போலக் கைதட்டினார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. "மிஸ், கைதி பொய் சொல்வான், ஜெயிலரும் பொய் சொல்வான், பதிவேடு மட்டும் பொய் சொல்லாது" என்று ஒரு போடு போட்டேன். அதை முன்னுரைக்கு என்று எழுதி வைத்துக்கொண்டார். இனி ஒவ்வொரு சனியும் வரச் சொன்னார்.

மார்ச் 2, செவ்வாய்

நேற்று முதல் வட அயர்லாந்தில் புதிதாகக் குற்றம் செய்து பிடிபடுகிறவர்களுக்கு அரசியல் கைதி என்ற தனி நிலை கிடையாதாம். களவெடுத்தவனுக்கும் இவர்களுக்கும் ஒரே உடுப்பு. மிஸ் கின்செல்லா டெலிபோனில் பொரிந்து தள்ளினார். ஒரே உடுப்பு என்றால் தோய்க்கிறவனுக்கு லேசு என்று நிர்வாகத்தின் பக்கம் நின்று சொன்னேன்.

டெலிபோன் வைக்கப்பட்டது. சத்தமாக.

மார்ச் 6, சனி

சமாதானம். தேநீரோடு கேக்கும் தந்தார்.

இன்றைய பாடம், 1849இல் தாஸ்மேனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அயர்லாந்துக் கனவான்கள். படித்தவர்கள், அரசியல்காரர். அவர்களைக் கல்லுடைக்க விடவும் கூச்சம், சும்மா விடவும் பயம். தப்பி ஓடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் வெளியே வீடு எடுத்து இருக்கலாம். ஆனால் ஆளுக்கொரு மாவட்டம், ஒருவரை ஒருவர் சந்திக்கக்கூடாது. கனவான்கள் என்ன செய்தார்கள்? இரண்டு மாவட்டம் முட்டுகிற எல்லையில் மேசையைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் கதிரையில் இருந்து சாப்பிட்டார்களாம்!

மிஸ் கின்செல்லா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாவட்ட அதிகாரி மேலிடத்துக்கு என்னவென்று அறிக்கை எழுதியிருப்பான்? பாவம். கறிக்கோப்பையைக் கைமாற்றினால் அது எல்லை தாண்டியதாகுமா? எனக்கு அந்தக் கவலைதான்.

மார்ச் 19, வெள்ளி

கொழும்பில் உள்ள ஆஸ்திரேலியத் தூதரகத்திலிருந்து கடிதம். சிவபாலன் விஷயம்.

சிவபாலன் பாமாவின் ஒரே தம்பி. மோட்டார் மெக்கானிக். எழுபத்திரண்டில் கறுப்புக் கொடி கட்டியதற்காகப் பிடிபட்டு, நான் வேலை பார்த்த மறியலிலேயே இருந்தவன். அவனை இங்கே எடுக்கப் பாமா ஒரு வருடமாக ஓடித் திரிகிறாள். கடிதம் சொல்வது இது: விண்ணப்பகாரரின் பெயர் சிறைப் பதிவொன்றில் களவுக் குற்றத்தின் கீழ் காணப்படுகிறது, மூன்று மாதத்துக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் மூடப்படும்.

"களவோ? என்ரை தம்பியோ?" பாமா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆர் எழுதினது இதை? எந்த அறுவான் எழுதினவன்?"

நான் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். சீனி போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 20, சனி

மிஸ் கின்செல்லா வீட்டுக்குப் போகவில்லை. தடிமன், மூக்கடைப்பு என்று சொன்னேன். பொய்.

மார்ச் 21, ஞாயிறு

அந்த அறுவான் நான்தான்.

1972 மே. புதிய அரசியலமைப்பு வந்த கிழமை. அதை எதிர்த்துக் கறுப்புக் கொடி கட்டிய பெடியள் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குற்றச்சாட்டு இல்லை, வழக்கு இல்லை. "மறு உத்தரவு வரும் வரை வைத்திருக்கவும்" என்று ஒரு துண்டு மட்டும். பன்னிரண்டாவது ஆள் என் மச்சான்.

பதிவேட்டில் "குற்றம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விடக்கூடாது. பதினொரு பேருக்கும் "கொடி" என்று எழுதினேன். இவன் முறை வந்தபோது மனம் கேட்கவில்லை. கொடி என்றால் எப்போது விடுவார்களோ தெரியாது. சில்லறைக் களவென்றால் மூன்று மாதம். பாமாவின் தம்பி கெதியாக வெளியே வரட்டும் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே என் சைக்கிள் நின்றது. "சைக்கிள் களவு" என்று எழுதினேன். நல்ல வடிவான எழுத்தில்.

கையெழுத்து வைக்கமுன் அவன் அதை வாசித்தான். முகம் கறுத்தது. கையெழுத்தை வைத்துவிட்டுப் போனான். அன்றையிலிருந்து என்னோடு பேச்சில்லை. தமக்கையிடமும் சொல்லவில்லை.

உள்ளே வந்து ஏழாம் மாதம், அரசியல் பெடியளை விடச்சொல்லி உத்தரவு வந்தது. பதினொரு பேரும் மாலையோடு போனார்கள். இவன் அரசியல் இல்லையே, களவல்லவா! சைக்கிளின் சொந்தக்காரர் வந்து சொன்னால்தான் வழக்கு முடியுமாம். எந்தச் சொந்தக்காரர்? அது என் பேனையில் மட்டும் ஓடிய சைக்கிள். இன்னும் ஏழு மாதம் உள்ளே கிடந்தான். ஏன் என்று பாமா கேட்டபோதெல்லாம் மேலிடத்து உத்தரவு என்று சொல்லி வைத்தேன்.

ஏன் அப்பவே சொல்லேல்லை? வெட்டித் திருத்திறதெண்டால் பெரியவரிட்டைப் போய் நிக்கவேணும். வேலை போயிடும் எண்டு பயம். வேறை ஒண்டுமில்லை. வெறும் பயம்.

இனி பாமாவிட்டை என்னெண்டு சொல்லுறது?

ஏப்ரல் 17, சனி

நாலு கிழமைக்குப் பிறகு கோபர்க் போனேன். தடிமனுக்கு இதற்குமேல் ஆயுள் இல்லை.

வீட்டில் பச்சைக் கொடி, பச்சைக் கேக். நூறு வருடத்துக்கு முன்னர் இதே நாளில், மேற்கு ஆஸ்திரேலியாவில் பிரிமாண்டில் சிறையிலிருந்து வெளிவேலைக்குப் போன அயர்லாந்து அரசியல் கைதிகள் ஆறு பேர் நழுவி, அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பலில் ஏறிப் போய்விட்டார்கள். அதிகாரிகளில் பலர் படகுப் போட்டி பார்க்கப் போயிருந்த நேரம் பார்த்து! மிஸ் கின்செல்லா ஷெரி ஊற்றித் தந்தார். நானோ அன்றைக்குக் கணக்கெடுத்த காவலாளியை நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணுகிறான், ஆறு குறைகிறது. திரும்ப எண்ணுகிறான், அதே ஆறு.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. சிட்னியிலிருந்து வந்த பழைய கைதிப் பட்டியலின் பிரதி ஒன்றை மேசையில் வைத்தார். மைல்ஸ் கின்செல்லா. குற்றம்: ஒரு பசுவைத் திருடியது.

"பதிவேடு பொய் சொல்லாது என்றீர்களே, மிஸ்டர் லிங்கம்?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஷெரியைப் பார்த்துக்கொண்டு, "ஓம், சொல்லாது" என்றேன்.

பச்சைக் கொடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

ஏப்ரல் 18, ஞாயிறு. ஈஸ்டர்

மிஸ் கின்செல்லா முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டாராம். நாற்பத்திரண்டு பக்கம்.

ஒரு மச்சான் போதாதென்று இப்போது ஒரு முப்பாட்டனையும் கள்ளனாக்கி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 24, சனி

சொல்லிவிட்டேன். மிஸ் கின்செல்லாவிடம். பாமாவைவிட அயர்லாந்துக்குச் சொல்வது லேசாக இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, என்னைச் சாட்சிக் கூட்டில் ஏற்றினார்.

"ஏன் சைக்கிள்? ஏன் ஆடு இல்லை?"

"ஆடென்றால் எங்கே கட்டியிருக்கிறான் என்று கேட்பார்கள், மிஸ்."

"கெட்ட எண்ணம் ஏதாவது?"

"இல்லை. கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. அவன் சீக்கிரம் போகவேண்டும். இரண்டும்தான்."

சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "பதினொரு வருடமாகப் பெட்டி பெட்டியாகக் கடதாசி கிளறி நான் தேடியது உங்களைத்தான். அந்தப் பசுவை எழுதிய எழுத்தரை!" என்றார். விளையாட்டு மரியாதையோடு எழுந்து கைகொடுத்தார். பிறகு கையை விடாமல் கேட்டார்: "உங்கள் மனைவிக்குத் தெரியுமா?"

"இல்லை."

"அப்படியானால் இன்றைக்குத் தேநீர் கிடையாது. வீட்டுக்குப் போங்கள்."

வாசலுக்கு வரமுன்னரே கிழித்த பக்கங்களை ஒட்டுவதற்குப் பசைப் போத்தலைத் தேடத் தொடங்கிவிட்டார்.

ஏப்ரல் 25, ஞாயிறு

குசினியில் பாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீருக்கு ஒரு காரணம் ஏற்கெனவே இருக்கட்டும் என்று அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்தேன். கோழை.

"அந்தக் களவை எழுதினது நான்."

கத்தி நின்றது. "நீங்களோ?"

"ஓம்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. "அம்மாவின்ரை செத்த வீட்டுக்கு அவன் விலங்கோடையெல்லோ வந்து நிண்டவன்" என்றாள். "மற்றப் பெடியள் எல்லாரும் வெளியிலை. இவன் மட்டும் விலங்கோடை. நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?"

நின்றேன். சீருடையோடு நின்றேன். அந்த விலங்குச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதை அவளுக்குச் சொன்னேன்.

மத்தியானம் மேசையில் எனக்குப் பாணும் வெறுந்தேத்தண்ணியும். அவளுக்குச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்.

"எத்தினை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"மறு உத்தரவு வரும் வரைக்கும்."

ஏப்ரல் 28, புதன்

பாண். கைதி ஒத்துழைக்கிறார்.

ஏப்ரல் 30, வெள்ளி

பாண். கைதி அடுத்த வீட்டு இத்தாலியக் கிழவியிடம் ஒரு தக்காளி வாங்கித் தின்றார். பிடிபட்டார்.

மே 3, திங்கள்

தூதரகத்துக்கு அனுப்பவேண்டிய சத்தியக் கடதாசி முடிந்தது. மிஸ் கின்செல்லாவின் தெருவில் மருந்துக் கடை வைத்திருப்பவர், சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்த அதிகாரமுள்ள ஒரு சமாதான நீதவான். பாமா, மிஸ் கின்செல்லா, நான், மூன்று பேருமாகப் போனோம். இருமல் மருந்துக்கு வந்தவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று என் மானத்தைக் கையளித்தேன்.

"அப்படி ஒரு சைக்கிள் இருக்கவேயில்லை. அது என்னால் கற்பனையாக எழுதப்பட்டது. எனது மைத்துனர் கறுப்புக் கொடி கட்டியதற்காக, விசாரணையின்றி வைக்கப்பட்ட அரசியல் கைதி." மூன்றாவது வசனத்தில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று மிஸ் கின்செல்லா பிடிவாதம் பிடித்தார். அரசியல் கைதி என்று எழுத்தில் வந்தால் அதுவே அவருக்குப் போதுமாம்.

மருந்துக் கடைக்காரர் வாசித்துவிட்டு, "சைக்கிளுக்கு என்ன நிறம்?" என்று கேட்டார். பகிடி என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கையெழுத்தை வைத்தேன். பிறகு லேசாக இருந்தது. ஒரு பிரதியைப் பாமா தம்பிக்கு அனுப்பினாள்.

இரவு மறு உத்தரவு வந்தது. மீன்குழம்பு.

செப்டெம்பர் 22, புதன்

விசா கிடைத்துவிட்டது. பாமா தபாற்காரனைக் கட்டிப்பிடித்தாள். அவன் பயந்து போனான்.

டிசம்பர் 11, சனி

சிவபாலன் வந்து இறங்கினான். தலையில் நரை. இருபத்தெட்டு வயதுக்கு அது கூடுதல்.

தமக்கையைக் கட்டிப்பிடித்து அழுதான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜெயிலர் ஐயா, சுகமோ?" என்றான். கேலியா கோபமா என்று முகத்தில் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் அத்தான் என்று கூப்பிட்ட பெடியன்.

காரில் பாமா ஓயாமல் ஊர்ப் புதினம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். "சிறி என்ன செய்யிறான்?" என்றபோது மட்டும் வெளியே பார்த்தான். சிறி இவனோடு ஒன்றாகப் பிடிபட்ட கொடிக்காரன். ஒரே கோப்பையில் சாப்பிட்டு வளர்ந்தவன். "தெரியாது. நான் அவனோடை கதைக்கிறேல்லை" என்றான்.

டிசம்பர் 18, சனி

மிஸ் கின்செல்லாவிடம் கூட்டிப் போனேன். உயிரோடு ஓர் அரசியல் கைதியைக் கண்ட சந்தோஷத்தில் அவருக்குக் கால் நிலத்தில் இல்லை. சிறையில் கவிதை எழுதினாயா, உண்ணாவிரதம் இருந்தாயா என்றெல்லாம் கேட்டார். "சோத்துக்குள்ளை கல்லுப் பொறுக்கினனான்" என்றான். மொழிபெயர்த்தேன். ஏமாற்றத்தோடு எழுதிக்கொண்டார். அவன் அவருடைய காரைத் திறந்து பார்த்து, ஓடும்போது சத்தம் வராமல் செய்து கொடுத்தான். என்னோடு இன்னும் "ஐயா"தான்.

1977 ஜனவரி 2, ஞாயிறு

பாமா வேலைக்குப் போய்விட்டாள். அவன் எங்கள் ஹோல்டன் காருக்குக் கீழே படுத்திருந்தான். காலும் குரலும்தான் வெளியே. நான் ஸ்பனர் எடுத்துக் கொடுக்கிற வேலை.

"அத்தான்."

ஸ்பனர் என் காலில் விழுந்தது.

"அந்தச் சத்தியக் கடதாசியிலை, சைக்கிளே இல்லை, கற்பனையா எழுதினது எண்டு இருக்கு. அது மெய்யோ? இல்லாட்டி விசாவுக்காக எழுதினதோ?"

"மெய்யடா தம்பி. ஜன்னலாலை என்ரை சைக்கிளைப் பாத்து எழுதினனான்."

கீழே இருந்து ஒரு கை நீண்டு ஸ்பனரை வாங்கிக்கொண்டது.

"அண்டைக்கு நான் ஒரு சைக்கிள் எடுத்தனான், அத்தான்."

கொடி கட்டிக்கொண்டிருக்கப் பொலிஸ் ஜீப் வந்ததாம். அரிசி ஆலை மதிலில் சாய்த்திருந்த சைக்கிளை எடுத்து, சிறியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறான். விடியமுன் கொண்டுபோய் அதே மதிலில் சாய்த்தும் விட்டான். சொந்தக்காரனுக்கே தெரியாது. இருவரும் பிடிபட்டது அதற்குப் பிறகுதானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமாதான நீதவானுக்கு முன்னால் "இருக்கவேயில்லை" என்று சத்தியம் செய்து வைத்திருக்கிறேனே! அவனும் சிரித்தான். கார் குலுங்கியது. மிஸ் கின்செல்லாவுக்கு இதைச் சொல்லவே கூடாது. பசுவைப் பற்றி அவருக்குத் திரும்பவும் யோசனை வந்துவிடும்.

பிறகு அவன் சிரிப்பு நின்றது.

"அந்தச் சைக்கிள் தெரிஞ்சது எனக்கும் சிறிக்கும் மட்டும்தான். உங்கடை கொப்பியிலை வாசிச்ச உடனை, அவன் பொலிசிட்டைச் சொல்லிப்போட்டான் எண்டு நினைச்சன். பிறகு அவன் மாலையோடை முதல் போனான். வேறை என்ன சாட்சி வேணும்? நான் வெளியிலை வந்தாப் பிறகு எங்கடை படலையடியிலை எத்தினை தரம் வந்து நிண்டவன். என்ன செய்தனான் எண்டு சொல்லடா எண்டு கேட்டு அழுதவன். நான் திறக்கேல்லை, அத்தான்."

காரின் கீழிருந்து வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். "பிழை என்ரையடா" என்றேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பின்னேரம் பாமாவின் மேசை லாச்சியில் இருந்த ஒரே ஒரு ஏரோகிராம் கடிதத் தாளை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தான். கை கழுவியும் விரலில் கிறீஸ். நீலத் தாளில் ஓரமெல்லாம் பட்டது. இரண்டு மணி நேரமாக எழுதினான்.

"கடைசியிலை நானும் சிறிக்கு நாலு வரி எழுதட்டோ?" என்று கேட்டேன்.

நிமிராமலே சொன்னான்: "நீங்கள் தனிய ஒண்டு வாங்கி எழுதுங்கோ, அத்தான். இதிலை எனக்கே இடம் காணாது."

நாளைக்கும் புதுவருட விடுமுறை, தபாற்கந்தோர் செவ்வாய்தான் திறக்கும். போக வேண்டும்.